ஃபர்னிஷ்டு வீட்டில் 14 மாதங்கள்: மாணவருக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அது பொருந்துமா?

இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒன்பதாவது மாடி. கட்டில் முதல் கரண்டி வரை எல்லாம் உள்ளேயே இருக்கும் என்ற உறுதிமொழியோடு வாடகைக்குக் கிடைத்த அந்த வீட்டில் 14 மாதங்கள் குடியிருந்துவிட்டு, சென்ற மாதம்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், ஒரு பெட்டியோடும் மடிக்கணினிப் பையோடும் அங்கே குடியேறினேன். அடுத்த அறையில் இருந்தவர் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருந்த மாணவர். ஒரே வீட்டை ஒருவர் மாணவராகவும் மற்றவர் சம்பளக்காரராகவும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம் என்பதால், இப்படிப்பட்ட வீடு தமக்கு ஒத்துவருமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த மதிப்புரை உதவக்கூடும். வீட்டின் பெயரையோ உரிமையாளரின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. நான் எழுதவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவையும் அல்ல.

விளம்பரப் படங்களில் அந்தக் கூடம் மிக அழகாக இருந்தது; நேரில் பார்த்தபோதும் அப்படியே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலையை வளைத்துப் போட்ட ஆறு பேர் அமரும் சோபா, கண்ணாடி பதித்த டீப்பாய், சுவரில் 55 அங்குலத் தொலைக்காட்சி, தரையைத் தொடும் திரைச்சீலைகள் என்று பார்த்தவுடன் கையெழுத்துப் போட்டுவிடத் தூண்டும் அறை அது. நாங்களும் அப்படித்தான் போட்டோம். குடியேறி நான்கு நாட்கள் கழிந்த பிறகுதான், உட்கார்ந்து எழுதுவதற்கு அந்த வீட்டில் ஒரு மேசைகூட இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த பொருட்பட்டியலில் 'மேசை – 2' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஒன்று அந்த டீப்பாய், மற்றொன்று படுக்கையறையில் இருந்த ஒப்பனை மேசை.

இதை ஒரு சிறு குறையாகக் கருதி யாரும் கடந்துவிட வேண்டாம். படிப்பதற்கும் கணினியில் வேலை செய்வதற்கும் உகந்த மேசை பொதுவாக 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். மடிக்கணினியையும் ஒரு திறந்த புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் தேவைப்படும். டீப்பாயின் உயரமோ 42 சென்டிமீட்டர். ஒப்பனை மேசையின் உயரம் சரியாக இருந்தாலும் அகலம் 40 சென்டிமீட்டர்தான். அடியில் முழுக்க இழுப்பறைகள் என்பதால் முழங்காலை நுழைக்க இடமில்லாமல் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார வேண்டியிருந்தது. சமையலறை ஓரத்தில் நின்றபடியே சாப்பிடுவதற்கென்று கட்டியிருந்த உயரமான மேடையில், முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் அமர்ந்து, ஆய்வேட்டின் இரண்டாவது இயலை என் அறைத்தோழர் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாரம் இடுப்பு வலியோடு எழுந்தவர், அன்றே போய் ஒரு சாதாரண மர மேசையையும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நாற்காலியையும் வாங்கி வந்தார். எல்லாம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் வாடகை கொடுத்து எடுத்த வீட்டில், நாங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய முதல் பொருள் அதுவே.

இந்த வீடுகளை அலங்கரிப்பவர்கள் வீட்டைப் பார்க்க வரும் அரைமணி நேரத்தையும் படம் எடுக்கும் கோணத்தையும் மனத்தில் வைத்தே பணத்தைச் செலவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடத்தில்தான் படம் நன்றாக விழும் என்பதால் செலவில் பெரும்பகுதி கூடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் இருவரில் எவருமே கூடத்தில் வாழ்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தத்தம் அறையில்தான் வாழ்கிறார்கள். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது கூடத்தில் இரண்டு நிமிடம் நின்றால் போதும். உங்களுக்கு வரப்போகும் அறையில் மேசை எங்கே வரும், அதன் அருகே பிளக் பாயிண்ட் இருக்கிறதா, பகலில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, இரவில் விளக்கைப் போட்டால் புத்தகத்தின் மேல் உங்கள் நிழலே விழுகிறதா என்பவற்றைப் பார்ப்பதற்கு மீதி நேரத்தைச் செலவிடலாம். அலுவலகங்களில் எழுதும் இடத்துக்கு 500 லக்ஸ் வெளிச்சம் தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எங்கள் படுக்கையறையின் மஞ்சள் விளக்குகள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை என்பதை அலைபேசிச் செயலியிலேயே அளந்து பார்த்துவிட முடிந்தது. செயலியின் அளவு துல்லியமானது அல்ல. ஆனாலும் அந்த அறையின் இருட்டைக் காட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

கட்டிலும் மெத்தையும் இதற்கு அடுத்த நிலையில் கவனிக்க வேண்டியவை. ஒரு படுக்கையறையில் 150 சென்டிமீட்டர் அகலக் கட்டிலும் மற்றதில் 90 சென்டிமீட்டர் அகல ஒற்றைக் கட்டிலும் இருந்தன. தொடக்கத்தில் வாடகையை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம் என்பது இன்றும் எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது, ஏனென்றால் பெரிய கட்டில் என்னுடையது. மெத்தையைச் சோதிக்கக் கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. விரிப்பை விலக்கி, ஓரத் தையல்களையும் கட்டிலின் மூட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கறுத்த சிறு புள்ளிகள் தென்பட்டால் அது மூட்டைப்பூச்சியின் எச்சமாக இருக்க வாய்ப்புண்டு. இரத்தம் கிடைக்காமலே பல மாதங்கள் உயிர் வாழக்கூடியது அது என்பதால், 'வீடு மூன்று மாதமாகப் பூட்டியே கிடக்கிறது' என்ற சமாதானத்தில் பொருளில்லை. எங்கள் மெத்தைகளில் பூச்சி இல்லை. ஆனால் ஒன்றின் நடுவே பள்ளம் விழுந்திருந்தது. எடுத்துச் சொன்னவுடன் மறுவாரமே புது மெத்தை வந்தது. இந்த வீட்டின் நிர்வாகத்தை நான் பாராட்டக்கூடிய இடங்களில் இது ஒன்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தம் புதிய துகள்பலகை அலமாரிகள் மூடிய அறையில் கண்ணை எரிக்கும் ஒரு நெடியை வெளியிடும். அத்தகைய பலகைகளை ஒட்டப் பெரும்பாலும் பயன்படும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல மெல்லக் கசிவதே காரணம். சன்னல்களைத் திறந்து வைத்தால் நாளடைவில் குறையும். ஒன்பதாவது மாடியில் அதற்குத் தடையில்லை. தெருவைப் பார்த்த தாழ்வான மாடியாக இருந்திருந்தால் இரைச்சலுக்கும் நெடிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். நிம்மதியான உறக்கத்துக்குப் படுக்கையறையின் தொடர் இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பரபரப்பான சாலையோரத்தில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை எட்டுவது கடினம்.

பணக் கணக்குக்கு வருவோம். இதில் ஊருக்கு ஊர் தொகை மாறும் என்பதால் விகிதமாகவே சொல்கிறேன். அதே கட்டடத்தில் காலியாகக் கிடைத்த வீட்டின் மாத வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், எங்கள் வீட்டின் வாடகை 130 பங்காக இருந்தது. அதாவது பொருட்களுக்காக மட்டும் மாதந்தோறும் 30 பங்கு கூடுதலாகக் கொடுத்தோம். காலி வீட்டை எடுத்து இரண்டு கட்டில், மெத்தை, அலமாரி, மேசை நாற்காலி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் என்று அவசியமானவற்றை மட்டும் வாங்கியிருந்தால், நான் போட்டுப் பார்த்த கணக்கில் 400 பங்கு செலவாகியிருக்கும். காலி செய்யும்போது விற்றால் 130 பங்கு திரும்பும்; ஏற்றி இறக்கும் கூலிக்கு 30 பங்கு போகும். ஆக நிகரச் செலவு 300 பங்கு. அதை மாதம் 30 ஆல் வகுத்தால் 10 மாதங்கள். பத்து மாதத்துக்குள் கிளம்பிவிடுபவருக்கு எல்லாம் அடங்கிய வீடே மலிவு. அதற்குமேல் தங்குகிற ஒவ்வொரு மாதமும் நட்டம். 14 மாதங்கள் இருந்த நாங்கள், கடைசி நான்கு மாதங்களில் 120 பங்கு, அதாவது காலி வீட்டின் ஒரு மாத வாடகைக்கும் மேலான தொகையைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரின் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். விடை ஆறு மாதமாகவும் வரலாம், இருபது மாதமாகவும் வரலாம். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திடுவதுதான் தவறு.

ஆனால் எண்ணிக்கைக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், புதிய ஊரில், கட்டில் வந்து இறங்கும் நேரத்துக்காக விடுப்புக் கேட்க வேண்டிய நிலை எனக்கு ஏற்படவில்லை. பெட்டியைத் திறந்தேன், துணியை அடுக்கினேன், மறுநாள் காலை அலுவலகம் போனேன். முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன் 400 பங்கை மொத்தமாகப் புரட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த நிம்மதிக்கு மாதம் 30 பங்கு கொடுக்கலாம் என்று அப்போது எண்ணினேன். இப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை. கையில் ஓராண்டு உதவித்தொகையும் தெளிவான கால அட்டவணையும் வைத்திருந்த என் அறைத்தோழருக்கு அந்த அவசரம் கிடையாது. அவர் பார்வையில் இந்த வீடு தொடக்கம் முதலே விலை கூடியதுதான்.

எங்கள் இருவருக்கும் இடையே உரசல் ஏற்பட்டது மின்கட்டணத்தில். ஒரு கிலோவாட் மின்கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தொட்டியுள்ள கீசரில் 15 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 25 டிகிரி செல்சியஸ் கூட்டுவதற்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் செலவாகும். இருவர் குளித்தாலும் பெரிய தொகை அல்ல. குளிர்சாதனக் கருவி அப்படியல்ல. நான் காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறவன். அவர் பகல் முழுதும் வீட்டிலிருந்து எழுதுகிறவர். பொருட்களோடு வரும் வீட்டில் குளிர்சாதனக் கருவியும் உரிமையாளர் வாங்கி மாட்டியதுதான், மின்கட்டணம் மட்டும் குடியிருப்பவருடையது. எனவே மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கருவியை வாங்க வேண்டிய அவசியம் உரிமையாளருக்கு இல்லை. எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டும் பழைய, வேகம் மாறாத (இன்வெர்ட்டர் இல்லாத) வகை. மூன்றாவது மாதம் நானே பேச்சை எடுத்தேன். பகல் நேர மின்சாரத்துக்கு அறைத்தோழர் கூடுதல் பங்கு கொடுப்பதென்றும், பெரிய அறைக்காக நான் வாடகையில் கூடுதல் பங்கு கொடுப்பதென்றும் முடிவானது. இதைக் குடியேறும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளும்படி மற்றவர்களுக்குச் சொல்வேன். மூன்று மாதம் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது நட்புக்கு நல்லதல்ல.

மின்சாரத்தில் இன்னொரு சங்கடம். சமையலறையின் இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், கீசர் 2,000 வாட். இரண்டும் ஒரே 10 ஆம்பியர் எம்சிபியில், அதாவது சுமை கூடினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சில், இணைந்திருந்தன. 230 வோல்ட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டும். உடனே இல்லாவிட்டாலும் சிறிது நேரத்தில் எம்சிபி விழும். காலையில் ஒருவர் குளித்து முடிக்கும் வரை மற்றவர் அடுப்பைத் தொடக் கூடாது என்ற விதி இப்படித்தான் எங்கள் வீட்டில் உருவானது. வீடு பார்க்கும்போது இவ்விரண்டையும் சேர்த்துப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. தண்ணீர் சுடவைக்க எரிவாயுக் கருவி உள்ள வீடாக இருந்தால், குளியலறைக்குள் அது பொருத்தப்பட்டிருக்கிறதா, புகை வெளியேறக் குழாய் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் குறை இருந்தால், மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும் நான் அந்த வீட்டை எடுக்க மாட்டேன்.

இணைய இணைப்பு வாடகையிலேயே அடங்கியிருந்தது. கூடத்தில் அசுர வேகம். என் அறையில் நத்தை வேகம். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை எளிதில் ஊடுருவாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஊடுருவினாலும் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து இணைப்புகளோடு மோதிக்கொண்டு நிற்கும். காணொளிக் கூட்டங்களில் கலந்துகொள்பவர்கள், பதிவிறக்க வேகத்தை மட்டுமல்லாமல் பதிவேற்ற வேகத்தையும், தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாலை நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். நாங்கள் 15 மீட்டர் இணையக் கம்பி வாங்கிச் சுவரோரமாக இழுத்துச் சரிசெய்தோம்.

சமையலறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாத்திரங்கள் இருந்தன, மூடிகள்தான் பாதிக்கு இல்லை.

பழுது பார்ப்பதில் இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன் தெரிந்தது. எட்டாவது மாதம் சலவை இயந்திரத்தின் தண்ணீர் வெளியேற்றும் பம்பு நின்றுபோனது. தகவல் சொன்ன மூன்றாம் நாள் ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார், செலவு உரிமையாளருடையது. சொந்த இயந்திரமாக இருந்திருந்தால் பழுதும் செலவும் அலைச்சலும் என்னுடையவை. ஆனால் ஒப்பந்தத்தில் 'பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இந்தப் பயன் முழுவதும் கரைந்து, நீங்கள் கூடுதல் வாடகையும் கொடுத்துப் பழுதுச் செலவையும் ஏற்க வேண்டிவரும். எங்கள் வரைவில் முதலில் அப்படித்தான் இருந்தது. 'தேய்மானத்தால் வரும் பழுது உரிமையாளருடையது, கவனக்குறைவால் வரும் சேதம் குடியிருப்பவருடையது' என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னோம், மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். இயல்பான தேய்மானத்துக்கு முன்பணத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்பது பல நாடுகளின் வாடகைச் சட்டங்களில் உள்ள கொள்கைதான் என்றாலும், காகிதத்தில் இருப்பது பேச்சைக் குறைக்கும்.

பொருட்பட்டியலை வெறும் சடங்காக எண்ணிக் கையெழுத்திட்டுவிடக் கூடாது. எங்களுடையதில் 46 உருப்படிகள் இருந்தன. அவற்றின் நிலை என்ன என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. 'சோபா – 1' என்றால் கிழியாத சோபாவா, ஏற்கெனவே கிழிந்திருந்த சோபாவா? முதல் நாள் மாலை முழுவதையும் செலவிட்டு, ஒவ்வொரு பொருளையும் தூரத்திலிருந்து ஒன்று, கீறலுக்கு அருகிலிருந்து ஒன்று என்று படம் எடுத்து, தேதி தெரியும்படி உரிமையாளரின் பிரதிநிதிக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். "இவ்வளவு தேவையா தம்பி?" என்று அவர் சிரித்தார். காலி செய்யும் நாளில் டீப்பாய்க் கண்ணாடியின் மூலையில் இருந்த உடைசலைக் காட்டிப் பிடித்தம் பற்றிப் பேசத் தொடங்கியவரும் அவரேதான். 14 மாதங்களுக்கு முந்தைய படத்தைத் திறந்து காட்டியதும் பேச்சு அங்கேயே நின்றது.

ஒப்பந்தத்தில் மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. சேர்ந்து கையெழுத்திடுபவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று இருந்தால், கூட இருப்பவர் பாதியில் போய்விட்டால் முழு வாடகையையும் எஞ்சியிருப்பவரிடமே கேட்க முடியும். கல்வியாண்டு ஒன்பது பத்து மாதங்களில் முடிந்துவிட, ஒப்பந்தமோ பன்னிரண்டு மாதங்களுக்கு இருக்கும்போது, விடுமுறை மாதங்களில் இந்த வரி உயிர் பெறும். ஒவ்வொருவருக்கும் அறைவாரியாகத் தனி ஒப்பந்தம் தருபவர்கள் சற்று அதிகம் கேட்டாலும், ஒருவரையொருவர் நன்கறியாத மாணவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. குறைந்தபட்சத் தங்கும் காலம் எவ்வளவு, முன்கூட்டியே காலி செய்தால் என்ன பிடிப்பார்கள், தமக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டுவர அனுமதி உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

என் மதிப்பீடு இதுதான். முதல் வேலைக்காகவோ, ஆறு மாதப் பயிற்சிக்காகவோ, எந்தப் பகுதியில் நிலையாகக் குடியிருக்கலாம் என்று இன்னும் முடிவு செய்யாமலோ நகரத்துக்கு வருகிறவருக்கு இத்தகைய வீடு நன்றாகவே பொருந்தும்; 5க்கு 4 கொடுப்பேன். இரண்டு மூன்று ஆண்டுப் படிப்புக்கு வரும் மாணவருக்கு 5க்கு 2தான். படிப்பவர் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருக்கிறார், நாளின் பெரும்பகுதியை அறையில் கழிக்கிறார், பணமும் அளவாகத்தான் வைத்திருக்கிறார். இவை மூன்றுமே இந்த வீட்டின் கணக்குக்கு எதிரானவை. காலி வீட்டில் பழைய மேசையும் நல்ல மெத்தையும் வாங்கிப் போட்டால் அவருக்குப் போதும். பாதிப் பொருட்கள் மட்டும் உள்ள வீடு, அதாவது அலமாரி, கீசர், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை உரிமையாளருடையவையாகவும் கட்டிலும் மேசையும் குடியிருப்பவருடையவையாகவும் இருக்கும் வீடு கிடைத்தால், இருவருக்குமே அது மேல் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்து நான் போயிருப்பது அத்தகைய ஒன்றுக்குத்தான்.

என் அறைத்தோழர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதங்களே உள்ளதால் இடையில் வீடு மாற்றுவதில் பயனில்லை என்று ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். என் அறைக்கும் ஒருவர் வந்துவிட்டார். போகும்போது அந்த மர மேசையை எங்கே கொண்டுபோவது என்று அறைத்தோழர் யோசித்துக்கொண்டிருந்தபோது, உரிமையாளரே பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். புதிய பொருட்பட்டியலை அறைத்தோழர் எனக்கு அனுப்பியிருந்தார். 47ஆவது உருப்படியாக அது சேர்ந்திருக்கிறது: 'எழுதும் மேசை – 1, நல்ல நிலையில்.'